பழைய காரின் டேஷ்போர்டு கடிகாரம்: சரிசெய்வதா, குவார்ட்ஸாக மாற்றுவதா?

டேஷ்போர்டு_67:

வணக்கம். என்னிடம் இருப்பது 1960-களின் கடைசியில் வந்த வண்டி, 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு சேர்ந்தது). இன்ஜின், பிரேக், வயரிங் எல்லாம் முடித்து நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, மீட்டர்கள் எல்லாம் வேலை செய்கின்றன, கடிகாரம் மட்டும் அசையவில்லை. முன்பு வைத்திருந்தவரே பின்பக்க வயரைக் கழற்றி டேப் சுற்றி விட்டிருக்கிறார், ஏன் கழற்றினார் என்று கேட்க இப்போது வழியில்லை. முள், டயல், குரோம் வளையம் எல்லாம் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறது.

எனக்குத் தெரிய வேண்டியது மூன்று. அந்த வயரை அப்படியே மாட்டிப் பார்க்கலாமா? "உள்ளே இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு குவார்ட்ஸ் மெஷின் வைத்துவிடலாம்" என்று ஒரு எலக்ட்ரீஷியன் சொல்கிறார், அது சரியா? கடைசியாக, வண்டி சில நேரம் வாரக்கணக்கில் நிற்கும், கடிகாரம் பேட்டரியைக் குடித்துவிடுமா? பழைய மெஷினே ஓடினால் எனக்கு மிகவும் சந்தோஷம், ஆனால் அது நேரமும் சரியாகக் காட்ட வேண்டும்.

நொடிமுள்:

முதல் கேள்விக்கு முதலில் பதில்: மாட்டாதீர்கள். உள்ளே என்ன நிலைமை என்று தெரியாமல் கரண்ட் கொடுக்கவே கூடாது. காயில் (கம்பிச் சுருள்) நன்றாக உள்ள எத்தனையோ கடிகாரங்கள் "சும்மா ஒரு தடவை மாட்டிப் பார்ப்போம்" என்பதில்தான் கருகுகின்றன.

காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. அந்தக் காலத்துக் கார் கடிகாரங்களில் பெரும்பாலானவை பெயருக்குத்தான் எலெக்ட்ரிக். உள்ளே ஓடுவது பேலன்ஸ் வீல் (முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம்), ஹேர்ஸ்பிரிங் (அதை ஆட்டும் மெல்லிய சுருள்) வைத்த சாதாரண மெக்கானிக்கல் கடிகாரம், மின்சாரத்தின் வேலை சாவி கொடுப்பது மட்டுமே. சின்ன ஸ்பிரிங் ஒன்று ஓரிரண்டு நிமிடம் கடிகாரத்தை ஓட்டும். அது தளர்ந்து வரும்போது ஒரு கை மெல்ல நகர்ந்து காண்டாக்ட் பாயிண்டைத் தொடும். தொட்டவுடன் காயிலுக்குக் கரண்ட் போகும், காயில் அந்தக் கையை ஒரே உதையில் பின்னால் தள்ளும், ஸ்பிரிங் மறுபடி இறுகும், பாயிண்டும் பிரிந்துவிடும். இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். ஓடுகிற கடிகாரத்தின் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்தால் ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அதுதான் இது. அமெரிக்க வண்டிகளில் வந்த போர்க் கடிகாரங்கள், ஜெர்மன் வண்டிகளில் வந்த கீன்ஸ்லே, விடிஓ கடிகாரங்கள் பலவும் இந்த ஜாதிதான்.

இப்போது பேட்டரி இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாயிண்ட் தொடும், கரண்ட் போகும், ஆனால் கையைத் தள்ளும் அளவு பலம் காயிலுக்கு இருக்காது. பாயிண்ட் ஒட்டியபடியே நிற்கும், கரண்ட் நிற்காமல் ஓடும். காயில் ரெசிஸ்டன்ஸ் 4 ஓம் என்றால் 12 வோல்ட்டில் 3 ஆம்பியர், அதாவது 36 வாட். கட்டைவிரல் அளவு காயில் அந்தச் சூட்டை எவ்வளவு நேரம் தாங்கும்? பேட்டரியே இறங்கிப்போனால் காயில் தப்பிக்கும், அதற்குள் பாயிண்ட் கருகியிருக்கும். எண்ணெய் காய்ந்து பற்சக்கரம் இறுகினாலும், பாயிண்டில் கரி படிந்து காயிலுக்குப் பாதி வோல்ட்தான் போய்ச் சேர்ந்தாலும் இதே கதைதான். நின்றுபோன கடிகாரம் அநேகமாகப் பாயிண்ட் தொட்ட நிலையில்தான் நிற்கும், அதனால் வயரை மாட்டிய கணமே காயில் சூடாகத் தொடங்கும்.

ஆகவே பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு, கடிகாரத்தை வெளியே எடுத்து, மேஜையில் வைத்துத் திறந்து பாருங்கள். குரோம் வளையம் விளிம்பில் மடக்கி அழுத்தப்பட்டிருக்கும். கூரான ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கிழிந்துவிடும், மழுங்கிய மெல்லிய தகடு ஒன்றை வைத்து, சுற்றிச் சுற்றி வந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். அவசரப்பட்டால் அந்த வளையம் போய்விடும், மெஷினைவிட அது கிடைப்பதுதான் கஷ்டம்.

திறந்ததும் மல்டிமீட்டரைக் காயிலின் இரண்டு முனைகளிலும் நேரடியாக வையுங்கள். சில ஓம் காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது, பாதிக் கவலை தீர்ந்தது. ஒன்றும் காட்டவில்லை என்றால் உடனே கைவிடாதீர்கள், வழியில் ஃப்யூஸ் மாதிரி ஒரு சோல்டர் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள், பல மாடல்களில் அறுந்திருப்பது அது மட்டும்தான்.

ஈயப்புகை:

நொடிமுள் சார் சொன்ன அந்தச் சோல்டர் இணைப்பைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பலர் சொதப்புவது அங்கேதான்.

ஸ்பிரிங் தன்மையுள்ள சின்னத் தகடு ஒன்று, குறைந்த சூட்டில் உருகும் சோல்டரால் காயில் பக்கத்து முனையில் ஒட்டப்பட்டிருக்கும். காயில் அளவு மீறிச் சூடானால் சோல்டர் உருகும், தகடு எகிறிப் பிரியும், கரண்ட் நிற்கும். கடிகாரத்தைக் காப்பாற்ற அதைச் செய்தவர்கள் வைத்த ஏற்பாடு இது. நாம் செய்ய வேண்டியது தகட்டைப் பழைய இடத்தில் அழுத்தி மறுபடி சோல்டர் வைப்பது. ஆனால் எந்தச் சோல்டர்? வழக்கமான டின்-லெட் 63/37 சோல்டர் 183 டிகிரியில் உருகும். அதை வைத்தால் கடிகாரம் ஓடும், ஆனால் அடுத்த தடவை சோல்டர் உருகுவதற்குள் காயில் கம்பி மேல் உள்ள எனாமல் காப்புப் பூச்சு போய்விடலாம். டின்-பிஸ்மத் 42/58 கிடைக்கிறது, 138 டிகிரி, இந்த வேலைக்கு அது பொருத்தம். ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய லெட் சோல்டர் மேல் பிஸ்மத் சோல்டரை வைக்காதீர்கள். டின், லெட், பிஸ்மத் மூன்றும் கலந்தால் 96 டிகிரி அளவிலேயே உருகும் கலவை உண்டாகும். வெயிலில் நிற்கும் வண்டியின் டேஷ்போர்டு ஏற்கெனவே நல்ல சூடு, அதோடு காயில் சூடும் சேர்ந்தால் காரணமே இல்லாமல் இணைப்பு விட்டுப்போகும். பழையதைச் சோல்டர் விக் (உருகிய சோல்டரை உறிஞ்சும் செம்புப் பின்னல்) வைத்துச் சுத்தமாக எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்றைப் போட்டுவிடுங்கள், கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். பாயிண்ட் பிரியும்போது வரும் தீப்பொறியை அது விழுங்கிவிடும், பாயிண்டின் ஆயுள் கூடும். டயோடு இல்லாத வரைக்கும் இந்த மாதிரிக் கடிகாரத்துக்கு பாசிட்டிவ், நெகட்டிவ் எப்படி மாட்டினாலும் ஒன்றுதான், டயோடு போட்ட பிறகு அப்படி இல்லை, மாற்றி மாட்டினால் நேரே ஷார்ட். அப்புறம், வண்டியின் ஃப்யூஸ் பாக்ஸை நம்பாதீர்கள். கடிகாரம் பொதுவாக உள்விளக்கு, சிகரெட் லைட்டர் இருக்கும் லைனில்தான் இருக்கும். அந்த ஃப்யூஸ் 3 ஆம்பியருக்கெல்லாம் அசையவே அசையாது. கடிகார வயரில் தனியாக 1 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃப்யூஸ் ஒன்று. நொடிக்கும் குறைவான அந்த உதைக் கரண்டை அது தாங்கும், பாயிண்ட் ஒட்டிக்கொண்டு கரண்ட் தொடர்ந்து ஓடினால் போய்விடும். நமக்கு வேண்டியது அதுதான்.

கராஜ்_ஞாயிறு:

பழையதே வேண்டும் என்பவர்களின் மனசு புரிகிறது, ஆனாலும் குவார்ட்ஸ் பக்கத்தையும் யாராவது நேர்மையாகச் சொல்ல வேண்டும். தினமும் ஓட்டுகிற வண்டி, காயில் எரிந்துவிட்டது, உதிரிபாகம் கிடைக்கவில்லை என்றால் குவார்ட்ஸ்தான் என் பதில். வெளியே டயல், முள், கண்ணாடி எல்லாம் அப்படியே இருக்கும், உள்ளே 32,768 ஹெர்ட்ஸில் அதிரும் கிரிஸ்டல் ஒன்று, அதைப் பதினைந்து தடவை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு. பாயிண்ட் கிடையாது, கருகுவதற்கு ஒன்றுமில்லை, மாதத்துக்குச் சில நொடிகள்தான் வித்தியாசம் வரும்.

ஆனால் சுவர்க் கடிகார மெஷினை வாங்கித் திணிப்பதைக் குவார்ட்ஸ் மாற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் சிக்கல் தண்டு. உங்கள் முள்ளின் துளையும் சுவர்க் கடிகாரத்தின் தண்டும் ஒருபோதும் பொருந்தாது, முள்ளின் துளையைப் பெரிதாக்கினால் பிறகு பழைய மெஷினுக்குத் திரும்பவே முடியாது. டயல் துளைக்கும் இதே பதில்தான். இரண்டாவது, நேரம் மாற்றும் குமிழ் உங்களுக்கு முன்பக்கம் இருக்கும், சுவர்க் கடிகாரத்துக்குப் பின்பக்கம். நல்ல மாற்றம் என்றால் பழைய மெஷினின் முன்பக்கச் சக்கரங்களையும் குமிழையும் அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றைச் சுற்றிவிடும் வேலையை மட்டும் குவார்ட்ஸுக்குக் கொடுப்பது. சில மாடல்களுக்கு அப்படித் தயார் கிட்டாகவே வருகிறது, உங்கள் மாடலுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, நொடி முள் உள்ள கடிகாரம் என்றால் அது வழுக்கிக்கொண்டு ஓடாது, நொடிக்கு நொடி தத்தும். சிலருக்கு அது கண்ணை உறுத்தும்.

கரண்ட் கொடுப்பது அடுத்த விஷயம். உள்ளேயே ஏஏ செல் வைத்து மூடிவிடுகிறார்கள், டேஷ்போர்டுச் சூட்டில் அது கசிந்து டயலின் பின்பக்கத்தையே அரித்துவிடும், தயவுசெய்து வேண்டாம். வண்டி பேட்டரியிலிருந்து எடுப்பது எளிது. 12 வோல்ட் லைனில் 5.6 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அதற்கு அப்பால் எர்த் வரை இரண்டு 1என்4148 டயோடு வரிசையாக, அந்த டயோடுகளுக்குக் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். டயோடுகளின் மேல் சுமார் 1.3 வோல்ட் நிற்கும், 1.5 வோல்ட் மெஷினுக்கு அது போதும். கெபாசிட்டர் எதற்கென்றால், மெஷின் நொடிக்கு ஒருமுறை சட்டென்று இழுக்கும் கரண்டை ரெசிஸ்டர் வழியே உடனே கொடுக்க முடியாது, அதை இது கொடுத்துவிடும். ஆல்டர்னேட்டரிலிருந்து திடீரென்று பல பத்து வோல்ட் துள்ளினாலும் ரெசிஸ்டர் நடுவில் நிற்பதால் மெஷினுக்கு ஒன்றும் ஆகாது. 6 வோல்ட் வண்டி என்றால் 2.7 கிலோ ஓம்.

பேட்டரியைக் குடிக்குமா என்ற கேள்விக்கு: இந்தச் சர்க்யூட் இழுப்பது 2 மில்லி ஆம்பியர். ஒரு மாதத்துக்கு 1.4 ஆம்பியர்-அவர் சொச்சம். 45 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு அது பெரிய விஷயமில்லை, பேட்டரி சும்மா கிடந்தாலே அதைவிட அதிகமாக இறங்கும்.

நொடிமுள்:

கராஜ்_ஞாயிறு சொன்ன கணக்கைப் பழைய மெஷினுக்கும் போட்டுப் பாருங்கள். 3 ஆம்பியர், நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்தால் சராசரி ஒன்றேகால் மில்லி ஆம்பியர். குவார்ட்ஸைவிடக் குறைவு! ஆகவே ஓடுகிற கடிகாரம் பேட்டரியைக் குடிப்பதில்லை. பேட்டரி வேறு ஏதோ காரணத்தால் இறங்கி, அந்தக் குறைந்த வோல்ட் கடிகாரத்தைக் கொல்வதுதான் வழக்கம்.

குவார்ட்ஸை நான் மறுக்கவில்லை. ஆனால் காயில் நன்றாக இருக்கும்போது மெஷினைத் தூக்கிப் போடச் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியாது. அரை நூற்றாண்டு தாண்டிய பித்தளைச் சக்கரங்கள், தேய்மானமே இல்லாமல், ஒரு துளி எண்ணெய்க்காகக் காத்துக் கிடக்கின்றன. எதற்கு எறிய வேண்டும்? ஒருவேளை மாற்றினாலும் பழைய மெஷினை உறையில் போட்டு, முள், திருகு சகிதம் வண்டியோடே வைத்திருங்கள், அடுத்து வருபவர் விரும்பினால் திரும்ப மாட்டிக்கொள்ளட்டும்.

டேஷ்போர்டு_67:

எல்லோருக்கும் நன்றி. மாட்டாமல் திறந்தது நல்லதாகப் போயிற்று. காயில் நேரடியாக அளந்தால் 5 ஓம் காட்டுகிறது. ஆனால் பின்பக்க டெர்மினலிலிருந்து அளந்தால் ஒன்றும் இல்லை, அந்தச் சின்னத் தகடு மேலே எகிறி நிற்கிறது, ஈயப்புகை சொன்னதேதான். பாயிண்ட் இரண்டும் ஒன்றோடொன்று தொட்டபடி நிற்கின்றன, ஒன்றில் சின்னப் பள்ளம், எதிரில் இருப்பதில் அதே அளவு மேடு, சுற்றிலும் கறுப்பு. பேலன்ஸ் வீலை ஊதினால் கொஞ்சம் அசைந்து நின்றுவிடுகிறது. பழைய எண்ணெய் தேன் நிறத்தில் பசையாகப் பிவட்களை (சக்கர அச்சின் முனைகளை) சுற்றி இருக்கிறது.

சுத்தம் செய்ய எதைப் பயன்படுத்துவது? ஸ்ப்ரே ஏதாவது அடிக்கலாமா? மேஜையில் வைத்துச் சோதிக்க 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் இருக்கிறது, போதுமா?

நொடிமுள்:

அடாப்டர் வேண்டவே வேண்டாம். 5 ஓம் காயில் 12 வோல்ட்டில் 2.4 ஆம்பியர் கேட்கும். 1 ஆம்பியர் அடாப்டரால் அதைக் கொடுக்க முடியாது, வோல்ட் விழும், கை உதைக்காது, பாயிண்ட் ஒட்டியே நிற்கும். இறங்கிய பேட்டரியில் என்ன நடக்குமோ அதையே மேஜையில் நடத்திக்காட்டும், நீங்கள் மெஷின் கெட்டுவிட்டது என்று முடிவுக்கு வந்துவிடுவீர்கள். நன்றாகச் சார்ஜ் ஆன கார் பேட்டரி, நடுவில் அந்த 1 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃப்யூஸ், கையில் எப்போது வேண்டுமானாலும் பிடுங்கக்கூடிய கிளிப். வேறு எதுவும் வேண்டாம்.

துரு போக்கும் ஸ்ப்ரே எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள். அடித்தவுடன் ஓடும், சில மாதத்தில் பசையாகி முன்பைவிட மோசமாக நிற்கும், ஹேர்ஸ்பிரிங் சுருள்களில் பட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கடிகாரம் தாறுமாறாக வேகமாக ஓடும். முதலில் முள்களை எடுங்கள், டயலின் மேல் காகிதம் வைத்து இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் சமமாகத் தூக்க வேண்டும், ஒருபக்கம் நெம்பினால் முள்ளும் வளையும், தண்டும் வளையும். அப்புறம் டயலைத் தனியே கழற்றி வையுங்கள், அச்செழுத்தில் எந்தத் திரவமும் படக் கூடாது. மெஷினை லைட்டருக்கு ஊற்றும் நாப்தாவில் முக்கி, மென்மையான பிரஷால் பிவட்களைச் சுற்றித் தடவி, காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் நெருப்பு இல்லாமல் காய விடுங்கள். காய்ந்ததும் பேலன்ஸ் வீலைத் தொட்டாலே தாராளமாக ஆட வேண்டும். ஆடினால் மட்டும் எண்ணெய்க்குப் போங்கள்.

எண்ணெய் என்றால் கடிகார எண்ணெய், ஒவ்வொரு பிவட் குழியிலும் ஊசி முனை தொட்டு வைக்கும் அளவு. குழி நிரம்பி வழிந்தால் அது அதிகம், வழிந்த எண்ணெய் எல்லா எண்ணெயையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். சக்கரத்தின் பற்களுக்கு எண்ணெய் கிடையாது. பாயிண்டுக்குக் கிடையவே கிடையாது.

பாயிண்டில் அந்த மேட்டை மட்டும் 2000 நம்பர் உப்புத்தாளின் மெல்லிய கீற்று வைத்துத் தட்டையாக்குங்கள். பள்ளம் முழுவதும் மறையும்வரை தேய்க்க வேண்டியதில்லை, மேல்பூச்சு போய்விடும். முடிந்ததும் ஆல்கஹால் தொட்ட வெள்ளைக் காகிதத்தைப் பாயிண்ட் நடுவே இழுங்கள், காகிதம் கறுக்காமல் வரும்வரை. உப்புத்தாள் தூள் ஒன்று அங்கே தங்கினாலும் அடுத்த தொடுதலில் பொறி பறக்கும்.

மணிக்கூண்டு:

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு விஷயம், ஏனென்றால் எல்லாக் கடிகாரமும் டேஷ்போர்டு_67 வைத்திருப்பது போல இருக்காது.

பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் வந்த ஸ்மித்ஸ் கடிகாரங்களில் ஸ்பிரிங்கைச் சுற்றும் உதையே இல்லாத வகை உண்டு, காயில் நேரடியாகப் பேலன்ஸ் வீலுக்கே துடிப்புக் கொடுத்து ஓட்டும். பிந்தைய மாடல்களில் பாயிண்டுக்குப் பதில் டிரான்சிஸ்டர். அதில் பாசிட்டிவ், நெகட்டிவ் மாறினால் டிரான்சிஸ்டர் அந்தக் கணமே போய்விடும். அந்த வண்டிகள் பல பாசிட்டிவ் எர்த்தில் வந்து, பிறகு யாரோ நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியவை. கடிகாரத்தை மாட்டும் முன் பேட்டரியின் எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது, கடிகாரத்தின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டையும் பாருங்கள். குவார்ட்ஸ் சர்க்யூட்டும் அப்படித்தான், பாசிட்டிவ் எர்த் வண்டியில் கடிகாரத்துக்கு வரும் வயர்தான் நெகட்டிவ், டயோடு, கெபாசிட்டர் எல்லாம் திருப்பிப் போட வேண்டும்.

இரண்டாவது உடம்பு சம்பந்தப்பட்டது. 1960-கள் வரை வந்த பழைய டயலில் எண்கள் மேலும் முள் மேலும் பழுப்பேறிய, தடித்த, பொரிந்த பூச்சு இருந்தால் அது ரேடியம் பெயின்ட்டாக இருக்கலாம். இருட்டில் ஒளிரவில்லை என்பதால் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒளிர்வது துத்தநாக சல்பைடு, அது சில பத்தாண்டுகளில் களைத்துவிடும். ரேடியத்தின் அரைவாழ்வு 1,600 ஆண்டு, அது அப்படியே இருக்கிறது. சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள், உப்புத்தாள் போடாதீர்கள், அந்தத் தூள் மூச்சில் போவதுதான் ஆபத்து. அப்படிப்பட்ட டயல் என்றால் திறக்காமலேயே அதற்கான ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

டேஷ்போர்டு_67:

ஓடுகிறது! சோல்டர் மாற்றினேன், டயோடு போட்டேன், பேட்டரி கிளிப்பை வைத்ததும் டக் என்று ஒரு உதை, கை பின்னால் போயிற்று, பேலன்ஸ் வீல் ஆடத் தொடங்கிவிட்டது. மேஜையில் விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஒவ்வொரு உதையும் சுத்தமாக வருகிறது. டயலில் ரேடியம் இல்லை, வெறும் வெள்ளை அச்சுதான்.

ஒரே குறை, ஒரு நாளைக்குச் சில நிமிடம் முந்துகிறது. பின்பக்கம் + − போட்ட சின்ன நெம்புகோல் இருக்கிறது, அதைத்தான் நகர்த்த வேண்டுமா?

நொடிமுள்:

அருமை! ஆமாம், அதுதான். முந்துகிறது என்றால் − பக்கம், ஒரு மயிரிழை. நகர்த்தியதும் ஒரு முழு நாள் விட்டுவிட்டு, பிறகுதான் மறுபடி தொட வேண்டும், மணிக்கு ஒருமுறை திருத்திக்கொண்டிருந்தால் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. மேஜையில் படுக்க வைத்து ஓடுவதும் டேஷ்போர்டில் நிமிர்ந்து ஓடுவதும் ஒன்றாக இருக்காது, அதனால் வண்டியில் இருக்கும் அதே சாய்வில் நிறுத்தித் திருத்துங்கள். சில அமெரிக்க மாடல்களில் இந்த வேலையும் மிச்சம், முள்ளை முன்னோ பின்னோ திருப்பி நேரம் சரிசெய்தால் அந்தத் திருப்பமே வேகத்தையும் கொஞ்சம் மாற்றிவிடும். உங்களுடையதில் நெம்புகோல் இருப்பதால் கையால்தான். வித்தியாசம் ஒரு நாளைக்கு ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டால் வளையத்தை மூடிவிடலாம், இந்த வகைக்கு அதுவே நல்ல கணக்கு.

ஈயப்புகை:

வளையத்தை மூடும் முன் ஃப்யூஸ் ஹோல்டரை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள், டேஷ்போர்டுக்கு அடியில் கை எட்டும் இடத்தில் வையுங்கள். வண்டி வாரக்கணக்கில் நிற்கப் போகிறது என்றால் அந்த ஃப்யூஸைக் கழற்றிவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் முதலில் பேட்டரி வோல்ட்டைப் பாருங்கள், 12.4-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் செய்த பிறகுதான் ஃப்யூஸை மாட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்ய ஜம்ப் கேபிள் போடும் நிலை வந்தாலும் அப்படித்தான், முதலில் ஃப்யூஸ் வெளியே, அப்புறம் கேபிள்.